ஜாடியில் ஒரு கறுப்புப் பொத்தான்

அத்தியாயம் ஒன்பது

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் அவள். போன வாரம் சாப்பாட்டு மேசையில் எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தபோது, பெருமை தாங்காமல் தன் பொத்தான் கணக்கை விளக்கிச் சொல்லித் தொலைத்தாளே, அதன் பலன் இன்று காலையில் ஜாடிக்குள் கிடந்தது.

கணக்கு ஒன்றும் பிரமாதமில்லை. துணி திருத்திக் கொடுக்கும் கடையில் தையல் வேலை அவளுக்கு. கடையில் உதிர்ந்து கிடக்கும் பொத்தான்களைப் பொறுக்கிக்கொண்டு வருவாள். நாவலில் ஒரு பக்கம் எழுதி முடித்தால் கண்ணாடி ஜாடியில் ஒரு வெள்ளைப் பொத்தான். எழுதியது பிடிக்காமல் கிழித்துப் போட்டால் ஒரு கறுப்புப் பொத்தான். அரைப் பக்கத்துக்கு எதுவும் கிடையாது. ஜாடியின் கழுத்துக்குக் கீழே நகப்பூச்சால் சிவப்பாக ஒரு கோடு இழுத்திருக்கிறாள். பொத்தான்கள் அந்தக் கோட்டைத் தொடும்போது நாவல் முடிந்திருக்க வேண்டும்.

“கறுப்பும் சேர்ந்துதானே அண்ணி மேல ஏறுது? இது அழுகுணி ஆட்டம் இல்லையா?” என்று கொழுந்தன் அன்று கேட்டான்.

“கிழிக்கிறதும் எழுத்து வேலைதான் தம்பி. அதுக்கும் தைரியம் வேணும்” என்றாள். மேசையே சிரித்தது. மாமனார்கூட, மாடிப்படியில் விழுந்ததிலிருந்து அதிகம் பேசாத மனிதர், உதட்டோரம் லேசாகச் சிரித்தார்.

ஜாடியை வாங்கித் தந்தவன் கணவன். முதலில் கேலியாகத்தான் தந்தான். பிறகு தினமும் சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும், “என்ன எழுத்தாளரே, இன்னிக்குச் சத்தம் கேட்டுச்சா?” என்று கேட்பது அவனுக்குப் பழக்கமாகிவிட்டது. பொத்தான் விழுகிற அந்தச் சின்னச் சத்தத்துக்காகவே, அலுப்பு தட்டிய நாளிலும் உட்கார்ந்து ஒரு பக்கத்தை முடித்திருக்கிறாள். இப்படி அக்கறையாக விசாரிக்கிற கணவன் எத்தனை பேருக்கு வாய்க்கும் என்று அவள் உள்ளூரப் பூரித்தும் போயிருக்கிறாள்.

இன்று காலை ஜாடியின் மூடியைத் திறந்தவள் குனிந்து உற்றுப் பார்த்தாள்.

மேலாக ஒரு கறுப்புப் பொத்தான் கிடந்தது. அவள் போட்டது அல்ல. அவள் போடும் கறுப்பெல்லாம் சட்டைப் பொத்தான், பொடிசு. இது பெரியது, தடித்தது, கோட்டில் தைக்கிற பொத்தான்.

யாராவது விளையாடியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தாள். மனம் கேட்கவில்லை. கறுப்பு என்றால் ஒரு பக்கம் கிழிந்தது என்று அர்த்தம். எழுதிய தாள்களை சட்டை வந்த அட்டைப் பெட்டி ஒன்றில் வைத்திருப்பாள். அதை இழுத்துத் திறந்து ஒவ்வொன்றாகப் புரட்டினாள்.

மாடிப்படிப் பக்கத்தைக் காணவில்லை.

மற்றப் பக்கம் எது போயிருந்தாலும் பரவாயில்லை, இன்னொரு தடவை எழுதிக்கொள்வாள். அந்தப் பக்கம் அப்படியல்ல. நாவலில் ஒரு தம்பி, வயதான தகப்பனை மாடிப்படியிலிருந்து தள்ளிவிடுகிறான். கீழே நின்று அதைப் பார்த்துவிட்ட மருமகள், யாரிடமும் சொல்லாமல் விழுங்கிக்கொள்கிறாள். பெயரை மாற்றி, வீட்டை மாற்றி, படியின் நிறத்தைக்கூட மாற்றித்தான் எழுதியிருந்தாள். ஆனால் இந்த வீட்டில் இருக்கிற யார் படித்தாலும் தெரிந்துவிடும், அது கற்பனை இல்லை என்று.

போன மழைக்காலத்தில், மின்சாரம் போயிருந்த ஒரு பகல் பொழுதில் நடந்தது அது. மாடிப்படியின் திருப்பத்தில் மாமனார் யாரிடமோ சத்தமாகப் பேசுவது கேட்டு, கீழிருந்து எட்டிப் பார்த்தாள். அவர் முதுகுப் பக்கம் ஒரு கை போயிற்று. நீலக் கோட்டின் கை. மறு நொடி அவர் உருண்டு வந்து அவள் காலடியில் விழுந்தார்.

அந்தக் கோட்டை அவளுக்கு நன்றாகத் தெரியும். கொழுந்தன் ஒரு பெரிய கட்டடத்தில் காவலாளி. கம்பெனியில் கொடுத்த கோட்டின் கை நீளமாக இருக்கிறது என்று அவள்தான் குறைத்துத் தைத்துக் கொடுத்தாள். சரியான நீல நூல் தீர்ந்துபோயிருந்ததால் சற்று வெளிறிய நூலில் ஓட்டியிருந்தாள். அந்த வெளிறிய தையலைத்தான் அன்று அந்த இருட்டில் பார்த்தாள். பிறகு, “அப்பா!” என்று அலறிக்கொண்டு கணவன் மாடியிலிருந்து ஓடி வந்தான். கொழுந்தன் வெகுநேரம் கழித்து, நனைந்த சட்டையோடு வாசல் வழியாக வந்தான். மொட்டை மாடியிலிருந்து வெளியே இறங்குகிற இரும்புப் படி ஒன்று உண்டு. கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு அது வழியாக இறங்கிச் சுற்றிக்கொண்டு வருகிறான், என்ன நடிப்பு நடிக்கிறான் பாவி என்று அவள் நினைத்தாள்.

கால் தவறி விழுந்துவிட்டேன் என்று மாமனாரே சொல்லிவிட்டார். அவளும் வாயைத் திறக்கவில்லை. நெஞ்சுக்குள் கிடந்து அழுத்தியதைக் கதையில் இறக்கி வைத்தாள். தான் எழுதுவதை யாரும் படிப்பதில்லை என்று நம்பியிருந்தாள், அசடு.

இப்போது யாரோ படித்திருக்கிறார்கள். எடுத்திருக்கிறார்கள். எடுத்ததற்குக் கணக்கும் வைத்திருக்கிறார்கள்.

அவள் கறுப்புப் பொத்தானைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

சமையலறையில் அண்ணனும் தம்பியும் நின்றபடியே ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். கணவன் அவளுக்கு டீ ஊற்றி நீட்டினான். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் பயிற்சியாளன் அவன். பயந்த சுபாவக்காரர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசிப் பேசியே அவன் குரல் எப்போதும் மெத்தென்று இருக்கும். அவன் கத்தி அவள் கேட்டதேயில்லை.

“முகம் ஏன் இப்படி வெளுத்துக் கிடக்கு?” என்றான்.

“தூக்கம் சரியில்லைங்க.”

“கதை தூங்க விடலையாக்கும்.”

கொழுந்தன் கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, “அண்ணி, வர்றேன்” என்று கிளம்பினான். போகிற போக்கில் அவளைத் திரும்பிப் பார்த்தான். எப்போதும் பார்க்கிற பார்வைதான். இன்று அவள் டீயைக் கீழே வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கடையில் அவளுக்கு வேலையே ஓடவில்லை. ஒருவருடைய கால்சட்டையைக் குறைக்கச் சொன்னால் இன்னொருவருடையதைக் குறைக்கப் போனாள். கடைக்கார அம்மா, “இன்னிக்கு உனக்கு என்ன ஆச்சு? மனசு இங்க இல்லையே” என்று கேட்டுவிட்டு, கல்லாவில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அவளுக்கு ஒரே ஒரு கேள்விதான். கொழுந்தனுக்குத் தெரிந்துவிட்டது, இனி என்ன செய்வான்? பெற்ற தகப்பனையே தள்ளினவன், பார்த்த சாட்சியைச் சும்மா விடுவானா?

மதியம் கடைக் கதவு திறந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

கொழுந்தன்!

“என்ன அண்ணி, பேயைப் பார்த்த மாதிரி பாக்கறீங்க?”

“நீ... நீ எங்க இங்க?”

“பட்டன் போயிடுச்சு அண்ணி. நேத்து கழட்டி மாட்டும்போது இருந்துச்சு. இன்னிக்கு வேலைக்குப் போய்ப் போடறேன், நடுப்பட்டனைக் காணோம். சூப்பர்வைசர் கண்ணுல பட்டா குதிகுதின்னு குதிப்பான்.”

கோட்டை மேசையில் போட்டான். நடுப் பொத்தான் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு நூல் முனைகள் நீட்டிக்கொண்டிருந்தன. பிசிறே இல்லை. கத்திரிக்கோலால் வெட்டியது. தானாக உதிர்ந்த பொத்தானுக்கும் வெட்டி எடுத்த பொத்தானுக்கும் வித்தியாசம் தெரியாதவளா அவள்?

தானே வெட்டி ஜாடியில் போட்டுவிட்டு, தானே வந்து தைக்கச் சொல்கிறான். எனக்குத் தெரியும், வாயைத் திறக்காதே என்று இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

அதே மாதிரிப் பொத்தான் கடையில் கிடையாது. வேறு வழியில்லாமல் கைப்பைக்குள் கையை விட்டு, அவன் பார்க்காத மாதிரி அந்தப் பொத்தானையே எடுத்தாள்.

“அட! அச்சு அசல் அப்படியே இருக்கே. எங்க புடிச்சீங்க?”

“கடையில கிடந்துச்சு.”

அவள் ஊசியில் நூல் கோத்தாள். அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தான்.

“நாவல் எது வரைக்கும் வந்திருக்கு அண்ணி? ஜாடியில சிவப்புக் கோட்டைத் தொட்டுடுச்சா?”

“இன்னும் இல்ல.”

“அதுல நான் வரேனா?”

அவள் ஊசியைப் பொத்தானின் துளையில் இறக்கினாள்.

“வந்தா நல்லவனா எழுதுங்க. நிஜத்துலதான் ஒருத்தனும் அப்படிச் சொல்ல மாட்டேங்கறான்” என்று சொல்லிச் சிரித்தான். அந்தச் சிரிப்பில் மிரட்டல் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடித் தேடிப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. அதுவே இன்னும் பயமாக இருந்தது.

“அப்படியே இந்தத் தோளையும் பாத்துடுங்க. மறுபடியும் பிரியுது. மழைக்காலத்துல ஒரு தடவை தைச்சுக் கொடுத்தீங்களே, அதே இடம்.”

“எப்படிப் பிரிஞ்சுச்சு?”

“அண்ணனாலதான். தூறல் விழுந்தா போதும், என் கோட்டை எடுத்து மாட்டிக்கிட்டு மாடிக்குத் துணி எடுக்க ஓடிடுவான். அவன் உடம்பு என்ன, என் உடம்பு என்ன? சொன்னா கேட்டாத்தானே? இதுக்காகவே மழை நாள்ல லீவு போட்டாக்கூட கோட்டைக் கையோட எடுத்துட்டுப் போகலாம்னு தோணுது.”

ஊசி விரலில் ஏறியது. அவள் கையை உதறவில்லை, ஆ என்றும் சொல்லவில்லை.

“ஐயோ, ரத்தம் அண்ணி!”

“ஒண்ணுமில்ல. நீ கிளம்பு தம்பி, நேரமாகுது.”

அவன் போன பிறகு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அந்தத் தோளைத் தைத்தது ஞாபகத்துக்கு வந்தது. மாமனார் விழுந்து, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய சமயம். ஒரு பெரிய தோள் திணித்துக்கொண்டு உள்ளே போனதில் தையல் இரண்டு விரற்கடை வாய் பிளந்திருந்தது. யாருடைய தோள் என்று அப்போது அவள் யோசிக்கவேயில்லை. பேசாமல் தைத்துக் கொடுத்துவிட்டாள்.

அன்று படியில் அவள் முகத்தைப் பார்த்தாளா? இல்லை. கையையாவது பார்த்தாளா? அதுவும் இல்லை. தன் தையலைப் பார்த்தாள். தையலைப் பார்த்ததும் ஆளைப் பார்த்துவிட்டதாக முடிவு கட்டிவிட்டாள். வேறு யாராக இருந்தாலும் நீலக் கோட்டு என்று மட்டும்தான் சொல்லியிருப்பார்கள். நூலின் நிறம் வரைக்கும் தெரிந்ததால்தான் அவள் இவ்வளவு நிச்சயமாக ஏமாந்தாள்.

‘இருக்காது. அவர் அப்படிப்பட்டவர் இல்லை’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தலைவலி என்று கடைக்கார அம்மாவிடம் சொல்லிவிட்டுப் பாதி வேலையில் எழுந்தாள். வீட்டுக்கு எந்தத் தெரு வழியாக வந்தாள் என்றே தெரியவில்லை.

வீட்டில் மாமனார் மட்டும்தான். வாக்கரைப் பிடித்துக்கொண்டு, அவள் எழுதுகிற மேசையருகே நின்றிருந்தார். அவர் கையில் ஒரு தாள் இருந்தது.

“மாமா... நீங்களா?”

“நாந்தாம்மா.” அவர் ஒளிக்கவில்லை. “உன் கத்திரிக்கோலாலதான் வெட்டினேன். கை நடுங்கிடுச்சு, ரொம்ப நேரமாச்சு.”

“எதுக்கு மாமா?”

“ஜாடில சத்தம் கேட்டா அடுத்த நாள் வந்து படிச்சுடுவேன். தப்பா நினைக்காதே, பொழுது போகணுமே. நல்லாத்தான் எழுதற. ஆனா இந்தப் பக்கம் தப்பு. கறுப்பு போட்டா கிழிச்சதுன்னு நீதானே சொன்ன? இதைக் கிழின்னு சொன்னேன். அந்தக் கோட்டைப் பத்தின பக்கம்தான் தப்புன்னு உனக்குப் புரியணும்னு அதுலயே வெட்டினேன்.”

“வாயால சொல்லியிருக்கலாமே மாமா.”

“எந்த வாயால சொல்லச் சொல்ற? நான் பெத்தவன். நீ கட்டிக்கிட்டவ. தொண்டை வரைக்கும் வரும், மென்னு முழுங்கிடுவேன்.”

நாற்காலியில் உட்கார்ந்தாள். கேட்காமல் இருந்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். கேட்காவிட்டால் சாயங்காலம் வழக்கம்போல டீ குடிக்கலாம், ஜாடியில் பொத்தான் போடலாம்.

“அப்ப... அந்தக் கோட்டுக்குள்ள இருந்தது யாரு மாமா?”

“சின்னவன் அன்னிக்கு வீட்டுலயே இல்லம்மா.”

அவ்வளவுதான் சொன்னார். அதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும்?

பிறகு அவரே தொடர்ந்தார். “தம்பியை வீட்டை விட்டு அனுப்புங்கன்னான் பெரியவன். இது அவன் வீடும்தான்னேன். வேணும்னு தள்ளினானா, கோவத்துல கை பட்டுச்சான்னு சத்தியமா எனக்குத் தெரியாது. ஒண்ணு மட்டும் தெரியும். நீ என் மேல குனிஞ்சிருந்த, பாக்கல. நான் கீழ கிடந்து மேல பாக்கறேன், அவன் நின்னு என்னையே பாத்துட்டிருந்தான். மெதுவா கோட்டைக் கழட்டினான். மாட்டினான். அப்புறம்தான் ‘அப்பா’ன்னு கத்தினான்.”

எத்தனை சாயங்காலம் அந்த மெத்தென்ற குரலுக்காகக் காத்திருந்தாள்!

“இதைச் சின்னவன் படிச்சா உடைஞ்சு போயிடுவான்” என்றார் மாமனார். “பெரியவன் படிச்சா...”

“படிச்சா?”

“அதை நினைச்சாத்தான் எனக்குப் பயமா இருக்கு.”

வாசலில் சாவி திரும்பியது.

அவர் தாளை அவள் கையில் திணித்தார். அவள் அதை மடித்துத் தையல் மெஷினின் துணி உறைக்கு அடியில் செருகினாள். வாக்கர் கிறீச் கிறீச்சென்று பின்னறைக்குப் போயிற்று.

“சீக்கிரம் வந்துட்டியா?” கணவன் செருப்பைக் கழற்றியபடியே கேட்டான். “கடைக்குப் போன் பண்ணினேன். தலைவலின்னாங்க.”

“ஆமாங்க.”

“அதான் நானும் வந்துட்டேன். கடைசி ஆளை நாளைக்கு வரச் சொல்லிட்டேன்.” அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தான். அந்தக் கை இதமாக இருந்தது. அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். “என்ன எழுத்தாளரே, இன்னிக்குச் சத்தம் கேட்டுச்சா?”

“இன்னிக்கு எழுதலைங்க.”

அவன் ஜாடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் குலுக்கினான். “பரவாயில்ல. சிவப்புக் கோட்டுக்குக் கிட்டத்தான் வந்துட்டே. ஒண்ணு சொல்லட்டுமா? கோவிச்சுக்கக் கூடாது.”

“சொல்லுங்க.”

“நான் படிச்சுட்டேன்.”

அவன் ஜாடியை வைத்துவிட்டு, டிரைவிங் பழக வந்தவரிடம் பேசுகிற மாதிரி, பொறுமையாக, ஒவ்வொரு வார்த்தையாகப் பேசினான்.

“முழுசும் இல்ல. அப்பப்ப நீ இல்லாத நேரத்துல. அந்த மாடிப்படி பக்கம் இருக்கு பாரு, அடேங்கப்பா! நேர்ல பாத்த மாதிரியே எழுதியிருக்க.” அவள் பக்கம் திரும்பினான். “அன்னிக்கு அப்பா விழறப்பவே நீ கீழ நின்னுட்டிருந்தியா?”

“எ... என்னைக்கு?”

“சரி விடு. எனக்கும் தம்பி மேல அப்பவே ஒரு சந்தேகம் இருந்துச்சு. கூடப் பொறந்தவனாச்சேன்னு சொல்ல வாய் வரல. நீ எழுதிட்ட. நல்லதாப் போச்சு. நாவல் வெளிய வரட்டும், நாலு பேர் படிக்கட்டும். அதுக்கப்புறம் அவன் எந்த மூஞ்சியோட இந்த வீட்டுல இருப்பான்?” அவள் தோளைத் தட்டிக்கொடுத்தான். “வேற எதை வேணா மாத்திக்கோ. அந்தப் பக்கத்துல மட்டும் கை வச்சிடாதே.”

தினமும் சத்தம் கேட்டதா என்று விசாரித்தது இதற்குத்தானா? அவள் எழுதிய ஒவ்வொரு பக்கமும் ஒரு அப்பாவியை வாசல் பக்கம் தள்ளிக்கொண்டு போயிருக்கிறதா? காவல் வேலைக்கு நடுவில் வந்து, “நல்லவனா எழுதுங்க” என்று கேட்டவனை? தலையை ஆட்டிவிட்டால் போதும், அவன் போய் முகம் கழுவிக்கொண்டு வருவான், இன்றைய பொழுது தப்பிவிடும்.

தலையை ஆட்டத்தான் நினைத்தாள். கை வேறு காரியம் செய்தது. பொத்தான் டப்பாவுக்குள் போய்த் துழாவி, பொடியாக ஒரு கறுப்புச் சட்டைப் பொத்தானை எடுத்தது. ஒரு முறை கீழே தவறவிட்டு, குனிந்து பொறுக்கி, ஜாடிக்குள் போட்டாள்.

டக்.

கணவனின் சிரிப்பு முகத்திலேயே நின்றது.

“கறுப்பு போடற? எதைக் கிழிச்ச?”

“தப்பா எழுதின பக்கத்தைங்க” என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. “இன்னொரு தடவை எழுதணும். இந்தத் தடவை சரியா எழுதணும்.”

பின்னறையில் வாக்கர் ஒரு தடவை கிறீச்சிட்டு நின்றுவிட்டது. கணவன் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். கொஞ்சமும் அவசரப்படாமல் எழுந்து போய், பின்னறைக் கதவை வெளியிலிருந்து தாழ் போட்டுவிட்டுத் திரும்பி வந்தான்.

கொழுந்தன் வேலை முடிந்து வர இன்னும் நேரம் இருந்தது.